வழித்துணை: ஸான்டா பே நகரில் நான்கு நாள்

இந்தப் பகுதியில் இதுகாறும் பெரும்பாலும் பாரத நாட்டு ஊர்களைப் பற்றியே எழுதி வந்தேன். இப்பொழுது நம் சங்கத்துக் குடும்பங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் ஒரு மகனோ மகளோ அமெரிக்க நாட்டில் உத்தியோகம் பார்க்கின்றனர். பேறுகாலத்துக்கென்றும் பேரக் குழந்தையின் ஆண்டு நிறைவுக்கென்றும் பெற்றோர் அங்கு சென்று ஐந்தாறு மாதம் தங்கி வருகின்றனர். நியூயார்க்கையும் நயாகராவையும் பற்றிச் சொல்லப் பலர் இருக்கின்றனர். அந்நாட்டின் தென்மேற்கு மூலையில் பிள்ளைகளை வைத்திருப்பவர்களோ, “அந்தப் பாலைவனப் பக்கத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? சாப்பிடுவதற்கு என்ன கிடைக்கும்?” என்று கேட்கின்றனர். என் மகளும் மாப்பிள்ளையும் நியூ மெக்ஸிகோ மாநிலத்து அல்புகர்க்கி நகரில் வசிக்கின்றனர். ஆவணி மாதத்தில் நானும் என் மனைவியும் அங்கிருந்து ஸான்டா பே நகருக்குச் சென்று நான்கு நாள் தங்கினோம். அங்கே கண்டதையும், நான் செய்த பிழை ஒன்றையும் இங்கு எழுதுகிறேன். பிழையைச் சொல்வதற்குக் காரணம், இதைப் படிப்பவர் அதனைச் செய்யாதிருக்க வேண்டும் என்பதே.

ஊரின் வரலாறு

ஸான்டா பே என்னும் ஸ்பானியத் தொடருக்குப் புனித நம்பிக்கை என்று பொருள். அமெரிக்க மாநிலங்களின் தலைநகரங்களுள் மிகப் பழமையானதும் மிக உயரத்தில் இருப்பதும் இவ்வூரே. ஸ்பானியர் 1610ஆம் ஆண்டில் இதனைத் தலைநகராக அமைத்தனர். 1821இல் மெக்ஸிகோ விடுதலை பெற்றபோது இவ்வூர் அந்நாட்டைச் சேர்ந்தது. 1846இல் அமெரிக்கப் படை வந்து பிடித்தது. 1912இல்தான் நியூ மெக்ஸிகோ அமெரிக்காவின் மாநிலமாயிற்று.

ஸ்பானியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அங்குக் குடியிருந்தவர்கள் புவேப்ளோ மக்கள். மண்ணால் மாடி மேல் மாடியாக வீடு கட்டி, சோளமும் அவரையும் பூசணியும் பயிரிட்டு வாழ்ந்தவர்கள். 1680ஆம் ஆண்டில் போப்பே என்பவர் தலைமையில் அவர்கள் ஒன்றுகூடி ஸ்பானியரை விரட்டினர். எழுத்து இல்லாத அம்மக்கள் முடிச்சிட்ட கயிறுகளை ஓட்டக்காரர்களிடம் கொடுத்து ஊர் ஊராக அனுப்பினராம். நாள்தோறும் ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும். முடிச்சுகள் தீரும் நாளில் எல்லா ஊரும் எழ வேண்டும் என்பது ஏற்பாடு. பன்னிரண்டு ஆண்டுகள் அந்நகரம் அவர்கள் கையிலேயே இருந்தது. 1692இல் ஸ்பானியர் திரும்பி வந்தனர். இன்றும் அம்மாநிலத்தில் 19 புவேப்ளோ ஊர்கள் தத்தம் மொழியோடும் திருவிழாக்களோடும் விளங்குகின்றன. ஊரைச் சுற்றிப் பார்க்குமுன் இந்த வரலாற்றை மனத்தில் கொள்ளுதல் நலம். இது தெரியாமையால்தான் நான் தவறு செய்தேன்.

போகும் வழியும் உடல் நலமும்

அல்புகர்க்கியிலிருந்து ஸான்டா பேக்கு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும். ‘ரயில் ரன்னர்’ என்னும் ரயிலும் உண்டு. 2008ஆம் ஆண்டு டிசம்பர் முதல் அது ஸான்டா பே வரை செல்கிறது. கதவு மூடும்போது மணிக்குப் பதிலாக ஒரு பறவையின் குரல் போன்ற ஒலி எழும். ரோட் ரன்னர் என்னும் பறவை அம்மாநிலத்தின் சின்னமாகையால் இந்த ஏற்பாடு. பேரக் குழந்தைகளை அழைத்துச் செல்வோர்க்கு அந்த ஒலி ஒன்றே போதும். சனி, ஞாயிறுகளில் வண்டிகள் குறைவு. நேரத்தை முன்னரே பார்த்துக்கொள்ளவும்.

ஸான்டா பே ஏழாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. நம் கொடைக்கானலும் ஏறத்தாழ அதே உயரம்தான். ஆனால் கொடைக்கானலில் மூடுபனியும் ஈரமும் உண்டு. இங்கோ காற்று வறண்டது. வியர்வை தோன்றுமுன்னரே உலர்ந்துவிடுகிறது. ஆகையால் தாகம் தெரிவதில்லை. முதல் நாள் மாலையிலேயே என் மனைவிக்குத் தலைவலியும் மூச்சிரைப்பும் கண்டன. பயந்து போனோம். தண்ணீர் குடித்து, கதை பேசிக்கொண்டு அறையிலேயே இருந்தோம், மறுநாள் சரியாயிற்று. வயது சென்றவர்கள் முதல் நாளில் எதையும் பார்க்கப் புறப்படாமல் ஓய்வெடுக்க வேண்டும். அடிக்கடி தண்ணீர் அருந்த வேண்டும். இருதயத்துக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து சாப்பிடுவோர் புறப்படுமுன் தம் வைத்தியரைக் கலந்துகொள்வது கட்டாயம். பகலில் வெயில் சுடும்; இரவில் குளிரும். வெயிற் காலத்திலும் ஒரு கம்பளிச் சால்வை கையில் இருக்கட்டும்.

தங்குமிடம்

ஊரின் நடுவில் ‘பிளாஸா’ என்னும் சதுக்கம். நம் ஊர்களில் கோயிலைச் சுற்றி நான்கு வீதிகள் போல, அங்கே இச்சதுக்கத்தைச் சுற்றியே பழைய ஊர் முழுவதும் அமைந்திருக்கிறது. சதுக்கத்தின் மூலையில் 1922இல் கட்டப்பட்ட ‘லா போண்டா’ என்னும் விடுதி நிற்கிறது. அங்குத் தங்கினால் எல்லாவற்றுக்கும் நடந்தே போகலாம். ஆனால் வாடகை நம்மைப் போன்றவர்களுக்கு உகந்ததன்று. தங்காவிட்டாலும் குற்றமில்லை, உள்ளே நுழைந்து, தீட்டப்பட்ட கண்ணாடிச் சில்லுகளையும் மரவேலையையும் பார்த்துவிட்டு வரலாம்.

செலவைச் சுருக்க விரும்புவோர் செரியோஸ் சாலையில் உள்ள மோட்டல்களில் தங்கலாம். சதுக்கத்திலிருந்து தென்மேற்காகச் செல்லும் நீண்ட சாலை அது. கார் இல்லாதவர்க்கு மட்டும் அது தொலைவு. அறையில் சிறு அடுப்பும் குளிர்ப்பெட்டியும் உண்டா என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். ஒரு வேளை ரஸமும் சாதமும் வைத்துக்கொள்ள முடிந்தால் மற்ற இரு வேளைகளைத் துணிவோடு வெளியே கழிக்கலாம். ஆகஸ்டு மாதத்து மூன்றாம் வாரத்தையொட்டி நடைபெறும் பெருஞ்சந்தையின்போது அறை கிடைப்பது அரிது. பல மாதம் முன்னரே ஏற்பாடு செய்ய வேண்டும்.

உணவு

இம்மாநிலத்தார்க்கு மிளகாய் உயிர். 1965ஆம் ஆண்டில் சட்டசபையே கூடி மிளகாயையும் அவரையையும் மாநிலத்தின் காய்கறிகளாக அறிவித்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வீடு, வாசலுக்கு வாசல், சிவந்த மிளகாய்களைச் சரமாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கின்றனர். நம் வீடுகளில் மாவிலைத் தோரணம் போல அது ஒரு மங்கலம். ஆவணி, புரட்டாசியில் பச்சை மிளகாயை மூட்டை மூட்டையாக வாங்கி, சுழலும் இரும்புக் கூண்டிலிட்டு, நெருப்பில் வாட்டித் தருகின்றனர். அந்த வாசனை தெருக்கோடி வரை வருகிறது. அதை முகர்ந்ததும் என் மனைவி, “சுட்ட கத்தரிக்காயும் மிளகாயும் சேர்ந்த கொத்சு வாசனை அல்லவா இது!” என்றாள்.

மிளகாய் மெக்ஸிகோ பகுதியிலிருந்து புறப்பட்டது. ஸ்பானியரோடு அது வடக்கே நியூ மெக்ஸிகோவுக்குச் சென்றது. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியரோடு கடல் கடந்து நம் நாட்டுக்கு வந்தது. அதற்குமுன் நம் முன்னோர் காரத்துக்கு மிளகைத்தான் நம்பியிருந்தனர். ஆகவே சாம்பாரில் இடும் மிளகாய்க்கும் அங்குச் சரமாகத் தொங்கும் மிளகாய்க்கும் உறவு உண்டு.

சாப்பாட்டு விடுதியில் அமர்ந்ததும், “சிவப்பா, பச்சையா?” என்று கேட்பர். எந்த மிளகாய்க் குழம்பை ஊற்ற வேண்டும் என்பது பொருள். இரண்டும் வேண்டுமானால் “கிறிஸ்துமஸ்” என்று சொல்ல வேண்டும். பாதி சிவப்பும் பாதி பச்சையுமாக வரும். எங்கள் நாவுக்குக் காரம் அளவாகவே இருந்தது.

இனி, சைவ உணவுக்காரர்கள் கவனிக்க வேண்டியது. இறைச்சி கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் இங்கு இருக்கக்கூடும். அவரை மசியலில் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பது பழைய வழக்கம். கோதுமை ரொட்டியாகிய ‘தொர்த்தியா’வைப் பிசையும்போதும் அதனைச் சேர்ப்பதுண்டு. சோற்றைக் கோழிச் சாற்றில் வேகவைப்பர். சிவப்புக் குழம்பிலும் பச்சைக் குழம்பிலும் சில இடங்களில் இறைச்சி இருக்கும். சில இடங்களில் இராது. சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து உமி நீக்கிய மக்காச்சோளத்தில் செய்யும் ‘பொசோலே’ பெரும்பாலும் பன்றி இறைச்சியோடு வரும். “நான் சைவம்” என்று மட்டும் சொன்னால் போதாது. “கொழுப்பு உண்டா? இறைச்சிச் சாறு உண்டா?” என்று தனித்தனியே கேளுங்கள். முகம் சுளிக்காமல் உள்ளே சென்று விசாரித்து வந்து சொல்கின்றனர். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

சதுக்கத்துக்கு அருகில் ‘தி ஷெட்’ என்னும் விடுதி 1953 முதல் நடைபெறுகிறது. பழங்கால மண் வீடு ஒன்றில் அது இருக்கிறது. நீல மக்காச்சோள ரொட்டிக்கும் சிவப்பு மிளகாய்க் குழம்புக்கும் பெயர் பெற்றது. நீல நிறத்தில் உணவைக் காண முதலில் தயக்கமாக இருக்கும். சுவைத்தபின் கேழ்வரகு அடையின் மணம் நினைவுக்கு வரும். காலை உணவுக்கு ‘டியா ஸோபியாஸ்’, ‘கபே பாஸ்குவால்ஸ்’ ஆகியவற்றைப் பலரும் சொல்வர். எங்கும் காத்திருக்க வேண்டும். ஆகவே கூட்டம் சேருமுன் செல்லுங்கள். உணவோடு ‘சோபபியா’ என்று ஒன்று வரும். எண்ணெயில் இட்டு உப்பிய பூரிதான் அது. மூலையைக் கிள்ளி உள்ளே தேனை ஊற்றிச் சாப்பிட வேண்டும். மாவில் கொழுப்புச் சேர்த்தனரா என்பதை இங்கும் கேட்டறிய வேண்டும்.

மூன்றாம் நாள் மனைவிக்குத் தோசை நினைவு வந்துவிட்டது. மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே எங்களைக் ‘பேப்பர் தோஸா’ என்னும் விடுதிக்கு அழைத்துச் சென்றார். ஏழாயிரம் அடி உயரத்தில், பாலைவன நடுவில், தென்னாட்டுத் தோசையும் சட்னியும் சாம்பாரும். அடுத்த மேசைகளில் இருந்தவர்கள் அனைவரும் அமெரிக்கர்கள். கையால் கிள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தனர். நாங்கள் இருவரும் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டோம்.

விலைப்பட்டியலில் காணும் தொகைக்கு மேல் வரி உண்டு. பரிமாறுபவர்க்கு நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது வரை கொடுப்பது அந்நாட்டு வழக்கம். அது இனாம் அன்று. அவர் சம்பளத்தின் பகுதி என்றே கொள்ளவேண்டும்.

கடைவீதி

சதுக்கத்தின் வடபுறம் கவர்னர் மாளிகை. 1610ஐ ஒட்டிக் கட்டப்பட்ட நீண்ட மண் கட்டடம். இப்பொழுது அரும்பொருட்சாலையின் பகுதி. அதன் முன் தாழ்வாரத்தில் நாள்தோறும் பூர்வ குடிகள் துணி விரித்து, தாம் செய்த வெள்ளி நகைகளையும் மட்பாண்டங்களையும் பரப்பி அமர்ந்திருக்கின்றனர். ‘இந்தியன் மார்க்கெட்’ என்று அந்நகரில் சொன்னால் நம் மளிகைக் கடை என்று எண்ணிவிடாதீர்கள். கொலம்பஸ் செய்த பிழையால் அவர்களுக்கும் நமக்கும் ஒரே பெயர். அப்பெயருள்ள பெருஞ்சந்தை 1922 முதல் ஆண்டுதோறும் ஆகஸ்டில் கூடுகிறது. ஆயிரம் கலைஞர்கள் அளவில் வருகின்றனர்.

நான் செய்த பிழை இந்தத் தாழ்வாரத்தில்தான். பேத்திக்கென்று ஒரு சிறு மோதிரத்தை எடுத்தேன். வெள்ளியில் பதித்த பச்சை கலந்த நீலக்கல். விற்ற அம்மாள் என் வயதினர். விலை சொன்னார். கரோல்பாக் கடைவீதியில் நாற்பது ஆண்டுகள் பழகிய வாய் அல்லவா? “பாதி விலைக்குத் தருவீர்களா?” என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மாள் கோபிக்கவில்லை. மோதிரத்தை என் கையிலிருந்து மெல்ல வாங்கித் துணிமேல் வைத்தார். “இதைச் செய்ய எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. காலை இருட்டில் புறப்பட்டு வந்து சீட்டெடுத்தேன். இன்று இடம் கிடைத்தது” என்றார். அவ்வளவுதான். பிறகு அடுத்தவரைப் பார்த்தார்.

நான் ஏதோ சொல்லிக்கொண்டு நகர்ந்தேன். சற்று தூரம் சென்றபின் என் மனைவி கேட்டாள்: “காஞ்சீபுரத்தில் உங்கள் மாமா தறியில் உட்கார்ந்து நெய்த புடவைக்கு ஒருவன் இப்படிப் பாதி விலை கேட்டபோது என்ன சொன்னீர்கள், நினைவிருக்கிறதா?” நினைவிருந்தது. அப்பொழுது எனக்கு வயது பதினாறு. அந்த வியாபாரியோடு சண்டைக்கே போய்விட்டேன். மாமாதான் என்னைத் தடுத்தார்.

அன்று மாலை அரும்பொருட்சாலைக்குள் சென்று விசாரித்தேன். தாழ்வாரத்தில் விற்போர் அனைவரும் பூர்வ குடியினராக இருத்தல் வேண்டும். தாமோ தம் வீட்டாரோ கையால் செய்த பொருளையே விற்க வேண்டும். இடத்தைவிட ஆட்கள் மிகுதியாக வரும் நாளில் குலுக்கிச் சீட்டெடுத்து இடம் தருகின்றனர். வெளியிலுள்ள பல கடைகளிலோ எங்கோ இயந்திரத்தில் செய்த போலிகள் மலிந்தன. அதனால் கைவினைஞர் பிழைப்புக் கெடுவதைக் கண்டு, பூர்வ குடிகள் செய்யாத பொருளை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்பது குற்றம் என்று 1990ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் சட்டம் இயற்றியது. விசைத்தறிப் புடவையைக் காஞ்சிப் பட்டென்று விற்கும் கொடுமையை அறிந்த நமக்கு அதன் நியாயம் எளிதில் விளங்கும்.

மறுநாள் காலை, சொன்ன விலையைக் கையில் எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குச் சென்றேன். அந்த இடத்தில் வேறொருவர் அமர்ந்திருந்தார். அன்று அந்த அம்மாளுக்குச் சீட்டு விழவில்லை போலும்; அல்லது வரவே இல்லை. நான்காம் நாளும் சென்று பார்த்தேன், காணோம். பேத்திக்கு வேறொருவரிடம் ஒரு சிறு கறுப்பு மண் குவளை வாங்கினேன், சொன்ன விலைக்கே. அதைச் செய்த கலைஞர் தம் புவேப்ளோவின் பெயரையும் தம் பெயரையும் அடியில் பொறித்திருந்தார். பேத்திக்குக் குவளை பிடித்திருக்கிறது. எனக்கு மோதிரம் மறக்கவில்லை.

ஆகவே அன்பர்களே, தாழ்வாரத்தில் பேரம் பேசாதீர்கள். விலை கட்டாவிட்டால் வணங்கி நகருங்கள். செய்தவர் யார், எந்த ஊர், கல் இயற்கையானதா, பதப்படுத்தியதா என்று கேளுங்கள், மகிழ்ந்து சொல்வர். மனத்துக்குப் பிடித்ததை அன்றே வாங்குங்கள்.

சனிக்கிழமை காலையில் ரயில் நிலையத்துக்கருகே உழவர் சந்தை கூடுகிறது. மிளகாய்ப் பொடி, அவரை, தேன், காய்கறி எல்லாம் பயிரிட்டவரிடமே வாங்கலாம். சிமாயோ என்னும் ஊர்ப் பெயரோடு விற்கும் சிவப்பு மிளகாய்ப் பொடி ரஸத்துக்கு நன்றாக இருக்கிறது. கான்யன் சாலையில் அடுத்தடுத்து ஓவியக் கடைகள். வாங்க முடியாவிட்டாலும் நடந்து பார்க்கக் காசு கேட்பதில்லை.

பார்க்கவேண்டியவை

பழைய ஊரின் கட்டடங்கள் பெரும்பாலும் மண் நிறத்தில் தாழ்வாக இருக்கின்றன. களிமண்ணும் வைக்கோலும் சேர்த்து வெயிலில் காயவைத்த பச்சைச் செங்கல்லால் கட்டுவது அவ்வூர் மரபு. அந்தத் தோற்றம் கெடாதிருக்க 1957இல் நகராட்சியே விதி செய்தது. புதிய கட்டடங்கள் பலவற்றில் உள்ளே சிமெண்டும் மரமும் இருப்பினும் மேற்பூச்சு மண்ணின் நிறமே. மண் வீட்டை ஏழ்மையின் அடையாளம் என்று நாம் இடித்துத் தள்ளினோம். அவர்கள் அதையே பெருமையாக வைத்திருக்கின்றனர்.

சதுக்கத்துக்குக் கிழக்கே புனித பிரான்ஸிஸ் பேராலயம். லாமி என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் 1869இல் தொடங்கியது. அதனுள் 1625இல் கொண்டுவரப்பட்ட மரத்தாலான மாதா திருவுருவம் இருக்கிறது. அத்திருவுருவத்துக்குப் பெட்டி நிறைய உடைகள். காலத்துக்கேற்ப மாற்றி அணிவிக்கின்றனர். ஆண்டுதோறும் வீதியுலா உண்டு. நம் உற்சவ மூர்த்திகளை அறிந்தவர்க்கு விளக்கம் வேண்டா. லோரெட்டோ சிற்றாலயத்தில் நடுத்தூண் இன்றி இரண்டு சுற்றுச் சுற்றி மேலேறும் மரப்படியைக் காணலாம். கட்டியவர் புனித சூசையப்பரே என்பது ஐதிகம்.

ஊருக்குச் சற்றுத் தொலைவில் மியூசியம் ஹில் என்னும் மேடு. அங்கு 1953இல் திறந்த உலக நாட்டுப்புறக் கலைக்கூடத்தை நம்மவர் தவறவிடக் கூடாது. அலெக்ஸாண்டர் ஜிரார்டு என்னும் கலைஞர் உலகெங்கும் திரட்டிய ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பொம்மைகளையும் கைவேலைகளையும் 1978இல் அதற்கு வழங்கினார். கடைவீதி, கல்யாண ஊர்வலம், கோயில் என்று காட்சி காட்சியாக ஆயிரக்கணக்கான பொம்மைகளை வைத்திருக்கின்றனர். நம் நாட்டுப் பொம்மைகளும் அவற்றுள் உண்டு. நவராத்திரிக் கொலுவை ஒரு பெரிய மண்டபம் முழுவதும் வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. என் மனைவி அங்கிருந்து வர மனமில்லாமல் இரண்டு மணி நேரம் நின்றாள்.

கோடையில் ஊருக்கு வடக்கே மலைமேல் இசை நாடகம் நடைபெறுகிறது. 1957 முதல் நடந்துவரும் அரங்கம் அது. மேலே கூரை உண்டு, பக்கங்கள் திறந்தவை. மேடைக்குப் பின்னே சூரியன் மறைவதைக் காணலாம். நின்று பார்க்க விலை குறைந்த சீட்டுக் கிடைக்கும். சால்வை அவசியம்.

செப்டம்பர் முதல் திங்களாகிய தொழிலாளர் விடுமுறைக்கு முந்திய வெள்ளியன்று ‘ஸோஸோப்ரா’ என்னும் ஐம்பது அடிப் பொம்மையை எரிக்கின்றனர். 1924இல் வில் ஷஸ்டர் என்னும் ஓவியர் தம் வீட்டுக் கொல்லையில் தொடங்கி வைத்த வழக்கம். ஆண்டெல்லாம் பட்ட துயரத்தைக் காகிதத்தில் எழுதி அதனுள் போடுகின்றனர். போகிப் பண்டிகையைக் கண்ட நமக்கு அது புதிதன்று. எங்கள் முன்னால் நின்ற ஓர் இளைஞர் மடித்த காகிதமொன்றைப் பெட்டியில் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்ன எழுதினாரோ, யார் கேட்பது?

வெளியூர் செல்ல நாள் இருப்பின், சிமாயோவுக்குப் போங்கள். அங்குள்ள சிறு கோயிலில் ஒரு குழியிலிருந்து பக்தர்கள் மண் எடுத்துச் செல்கின்றனர். நோய் தீரும் என்பது நம்பிக்கை. பெரிய வெள்ளிக்கு முன் பல்லாயிரம் பேர் பாத யாத்திரையாக வருகின்றனர். டாவோஸ் புவேப்ளோவின் மாடி மண் வீடுகளை 1992இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தனர். இன்றும் அங்கு மக்கள் குடியிருக்கின்றனர். புவேப்ளோ ஊர்களில் அனுமதியின்றிப் படமெடுத்தல் தவறு. அவர்கள் ஆடும் நடனம் வழிபாடு, கைதட்டக் கூடாது. நம் கோயிலில் தீபாராதனையின்போது ஒருவர் கைதட்டிப் படமெடுத்தால் நாம் என்ன நினைப்போம்?

ஒரு சொல்

நியூ மெக்ஸிகோவில் பழங்குடும்பங்கள் பேசும் ஸ்பானிய மொழியில், தாய்நாட்டில் வழக்கொழிந்த பழஞ்சொற்கள் சில இன்னும் வாழ்கின்றன. வீட்டில் பேசியதால் அவை பிழைத்தன. புவேப்ளோ மொழிகளோ பள்ளிக்கூடங்களில் தடுக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது; அதனையும் தாண்டிப் பாட்டிமார் வாயில் அவை நின்றன. பிள்ளைகளுக்குத் தமிழ் வரவில்லையே என்று கவலைப்பட்டுக் கடிதம் எழுதும் தாய்மார்க்கு இதைவிட நல்ல செய்தி என்னிடம் இல்லை. பள்ளிக்கூடம் எதைச் சொல்லிக் கொடுத்தாலும் சமையலறையில் எந்த மொழி பேசப்படுகிறதோ அதுவே நிற்கும்.

புறப்படும் அன்று காலையில் மறுபடியும் தாழ்வாரத்தின் வழியாகவே நடந்தேன். சீட்டு விழுந்தவர்கள் துணியை விரித்துக்கொண்டிருந்தனர். அந்த அம்மாள் அன்றும் இல்லை. நம் சங்கத்தவர் யாரேனும் அங்குச் சென்று, பச்சை கலந்த நீலக்கல் மோதிரம் விற்கும் முதிய அம்மாள் ஒருவரைக் கண்டால், கேட்ட விலையைக் கொடுத்து வாங்கிவிடுங்கள். டில்லியிலிருந்து வந்த ஒருவன் தன் பிழையை உணர்ந்தான் என்று சொல்லத் தேவையில்லை. விலையைக் கொடுத்தாலே போதும்.

அடுத்த இதழில் அமிர்தசரஸ் நகரைப் பற்றி எழுத எண்ணியிருக்கிறேன்.